திக்கும் நாவை அடைக்காதீர்!

வேல்சு நாட்டில், அகவை முதிர்ந்தபின் தம் முன்னோர் மொழியைக் கற்கப் புகுந்த ஒருவர், மாலை வகுப்பிலே ஈராண்டு உழைத்து, ஒருநாள் துணிந்து கடைக்குள் நுழைகின்றார் என வைத்துக்கொள்வோம். ‘போரெ தா’ என்று காலை வணக்கம் கூறி, வேண்டிய பொருளையும் அம்மொழியிலேயே கேட்கத் தொடங்குகின்றார். மூன்றாம் சொல்லில் நாத் தடுமாறுகின்றது. கடைக்காரரோ தொட்டில் முதல் அம்மொழி பேசி வளர்ந்தவர். உதவுவதாக எண்ணி, முகமலர்ந்து, ஆங்கிலத்தில் விடை தருகின்றார். ஈராண்டு உழைப்பு நொடியில் வீழ்கின்றது!

இதனை நற்பண்பு என்பர் சிலர். கொலை என்போம் யாம்.

ஆங்கிலர் அம்மொழிக்கு இழைத்த கொடுமை சிறிதன்று. 1536-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வழக்குமன்றத்தினின்றும் ஆட்சியினின்றும் துரத்திற்று. 1847-இல் வெளிவந்த அரசறிக்கை, அம்மக்களின் அறியாமைக்கும் ஒழுக்கக்கேட்டுக்கும் அம்மொழியையே வேராகக் காட்டிப் பழித்தது. அந்நூற்றாண்டில் பள்ளிகள் பலவற்றில், தாய்மொழி பேசிய குழந்தையின் கழுத்தில் மரத்துண்டைக் கட்டித் தொங்கவிட்டனர். மரத்துண்டு கழுத்தினின்று நீங்கிற்று, நாவினின்று நீங்கவில்லை. இன்றும் பதின்மர் தம் மொழியில் அளவளாவும் இடத்தில் ஆங்கிலம் மட்டுமே அறிந்த ஒருவர் வந்தமர்ந்தால், பதின்மர் நாவும் ஒருசேர மாறுகின்றன. அப்பழக்கமே கடையிலும் கற்பவர்மேல் பாய்கின்றது.

போராடாத மக்களா அவர்? 1962-இல் சாண்டர்சு இலூயிசு வானொலியில் விடுத்த அறைகூவலால் அவ்வாண்டே மொழிக் கழகம் பிறந்தது. 1963 பிப்பிரவரியில் இளைஞர் அபெரிசுட்டுவித் நகரின் பாலத்தில் அமர்ந்து போக்குவரத்தை மறித்தனர். 1980-இல் குவின்வோர் எவான்சு சாகும்வரை உண்ணாநோன்பிருப்பேன் என்றார், அரசு பணிந்தது, 1982-இல் தாய்மொழித் தொலைக்காட்சி எழுந்தது. 2011-இல் ஆட்சிமொழித் தகுதியும் கிட்டிற்று. இத்தனைக்குப் பின்னும் 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மொழி பேச வல்லோர் ஏறத்தாழ 5,38,000 பேரே; 17.8 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன் 5,62,000 பேர் இருந்தனர். 2050-க்குள் பத்து இலக்கம் ஆக்குவோம் என்று அந்நாட்டரசு சூளுரைத்துள்ளது. அவர்களெல்லாம் வானத்தினின்று குதிப்பரோ? பள்ளியிலும் மாலை வகுப்பிலும் கற்போரன்றோ அவ்வெண்ணை நிரப்ப வேண்டும்!

அவர்தம் இடர்ப்பாட்டையும் எண்ணிப் பாருங்கள். அம்மொழியில் சொல்லின் முதலெழுத்தே திரியும். ‘காத்’ என்றால் பூனை. என் பூனையாயின் அது ‘ஙாத்’ ஆகும். அவள் பூனையாயின் ஆய்தம்போல் தொண்டையில் உராய்ந்து ‘ஃகாத்’ ஆகும். (ஙகரம் மொழிமுதல் வருவதைக் கண்டு நம் புலவர் வியப்பர்!) பேச்சில் இத்திரிபுகளுள் சிலவற்றைத் தாய்மொழியாளரே விட்டுவிடும்போது, கற்பவர் மறந்தால் மட்டும் முகஞ்சுளிப்பது என்ன முறை? பாலுக்கு வடக்கே ஒரு சொல், தெற்கே ஒரு சொல். இரண்டையும் கலந்து பேசினார் என்று நகைப்பாரும் உளர். தூயதமிழ் பேசுவோரைக் கண்டு இளிக்கும் வாயை நாம் அறியோமா? அவ்வாய் எந்நாட்டிலும் ஒன்றே.

“ஆங்கிலத்தில் பேசினால் விரைவில் முடியுமே” என்று அமைதி கூறுவர். விரைவே பெரிதெனின் 1536-லேயே முடித்திருக்கலாமே!

மொழி வல்ல பணியாளர் அங்கே செம்மஞ்சள் வில்லையொன்றை மார்பில் அணிகின்றனர்; கற்போர்க்கும் தனி வில்லை உண்டு. நன்று; ஆனால் வில்லை பேசாது. கற்பவர் திக்கினால் காத்திருங்கள். சொல் அகப்படாவிடின் அச்சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்து, அம்மொழியிலேயே மெல்லத் தொடருங்கள். கற்பவரும், எதிரிலிருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறினார் என்று தாம் மாறிவிடலாகாது. ‘துவின் தசுகி கும்ராய்க்’ — நான் வேல்சு மொழி கற்கிறேன் — என்று கூறி நிலைத்து நிற்க வேண்டும். அஞ்சலகத்தில் பின்னே வரிசையில் நிற்போர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.