செருப்பை மாற்றினோம், கியர் லிவரை மறந்தோம்

நீரிழிவு நோயால் பாதத்தின் உணர்வு குன்றியவர்களுக்கு நாங்கள் எழுதித் தரும் சீட்டில் எம்.சி.ஆர். செருப்பு தவறாமல் இடம்பெறும். அடுத்த முறை வரும்போது அச்செருப்பு காலில் இல்லையெனில் அவர்களைக் கடிந்துகொள்வதும் எங்கள் வழக்கம். சொன்ன பேச்சைக் கேளாதவர் என்று குறிப்பேட்டில் எழுதாவிட்டாலும் மனத்தில் எழுதிக்கொள்வோம். அவ்வாறு எழுதிக்கொள்வது எத்துணைப் பிழை என்பதை ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் வேலை செய்யும் தொழிலாளர் ஒருவர் எங்களுக்கு உணர்த்தினார்.

அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். அவருடைய இடது பெருவிரலின் மேற்புறத்தில், நகத்துக்குச் சற்றுப் பின்னே, ஒரு புண் இருந்தது. உணர்வற்ற பாதத்தில் புண் பெரும்பாலும் உள்ளங்காலில், உடலின் எடை அழுந்தும் இடத்தில் தோன்றும். விரலின் மேற்புறத்தில் தோன்றினால் இறுக்கமான காலணியை ஐயுறுவோம். அவரோ ஷூ அணிபவர் அல்லர். கல் பட்டதா, முள் கீறியதா, வெந்நீர் கொட்டியதா என்றெல்லாம் வினவினோம். எதுவுமில்லை என்றார். மூன்று வாரங்கள் கட்டுப் போட்டும் புண் ஆறவில்லை.

உடன் வந்திருந்த அவருடைய மனைவியே விடையைச் சொன்னார். "நீங்க குடுத்த செருப்பை வண்டி எடுக்கும்போது கழட்டிப் பையில வச்சிருவாரு டாக்டர். அதைப் போட்டா கியரு விழ மாட்டேங்குதாம்."

கணவர் தயக்கத்துடன் ஒப்புக்கொண்டார். "அந்தச் செருப்பு தடிமனா இருக்கு சார். விரலு லிவருக்கு அடியில நுழைய மாட்டேங்குது. வெறுங்காலுன்னா சுளுவா இருக்கு."

மருத்துவமனையில் லிவர் என்றால் கல்லீரல்தான் நினைவுக்கு வரும். அன்று நாங்கள் வாகன நிறுத்துமிடத்துக்குச் சென்று, குனிந்து அந்த வேறொரு லிவரைப் பார்த்தோம். முதல் கியருக்குக் கீழே அழுத்தி, மற்றவற்றுக்கு மேலே தூக்க வேண்டிய வண்டி அது. பழைய வண்டியாக வாங்கியது. முந்தைய உரிமையாளர் தம் காலுக்கு ஏற்றபடி வைத்திருந்த உயரத்திலேயே லிவர் இருந்தது. தடித்த செருப்புடன் பாதத்தை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தால், செருப்பின் தடிமன் அளவுக்குப் பாதம் உயர்ந்துவிடுகிறது. விரல் நுழைய வேண்டிய இடைவெளி அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. செருப்பைக் கழற்றினால்தான் விரல் நுழையும். நுழைந்த வெறும் விரலின் மேற்புறத்தை, ஒவ்வொரு முறை கியர் தூக்கும்போதும் லிவரின் முனை அழுத்தும். பாதுகாப்புக்காக நாங்கள் கொடுத்த செருப்பே அவரை வெறுங்காலுடன் வண்டியோட்ட வைத்திருந்தது.

வலி அறியாத உறுப்புக்கு அன்றாடக் கருவிகள் எத்தகைய தீங்கு செய்யும் என்பதை உலகுக்கு விளக்கியவர்களுள் முதன்மையானவர், 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். அவர் 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே உதிர்கின்றன என்று எண்ணப்பட்ட காலம் அது. துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருப்பிய ஒரு சிறுவனின் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தும் அவன் அதை அறியாமல் நின்றதை அவர் கண்டார். வலியின்மையால் உணரப்படாமல் போகும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்பதை அவருடைய ஆய்வுகள் நிறுவின. பேரடி ஒன்று மட்டுமன்று, ஓரிடத்திலேயே திரும்பத் திரும்பப் படும் சிறு அழுத்தமும் உணர்வற்ற சதையைப் புண்ணாக்கும் என்பதும் அவர் தந்த பாடம். பின்னாளில் அமெரிக்காவில் அவர் பணியாற்றியபோது அப்பாடம் நீரிழிவு நோயாளரின் பாதங்களுக்கும் பயன்பட்டது. நம் தொழிலாளரின் கியர் லிவர், அச்சிறுவன் கையிலிருந்த சாவியைப் போன்றதே.

ஆகவே எங்கள் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறோம். இரு சக்கர வாகனம் ஓட்டும் நோயாளிக்குக் காலணியை மாற்றிக் கொடுப்பதும், கணுக்கால் முறிவுக்குப் பின் வண்டி ஓட்ட இசைவளிப்பதும், கியர் லிவரின் உயரத்தைப் பாராமல் நிறைவுறா. உடலை வண்டிக்கேற்ப வளைப்பதை விட, வண்டியை உடலுக்கேற்பத் திருத்துவது எளிது. அதற்கான வசதியை வண்டியைச் செய்தவர்களே வைத்திருக்கிறார்கள்.

பலர் இதனை அறியார். கியர் லிவர் எஞ்சினிலிருந்து வெளிவரும் ஒரு தண்டின் முனையில் பொருத்தப்பட்டிருக்கும். அம்முனையைச் சுற்றி நுண்ணிய பற்கள் உண்டு. அவற்றைக் கவ்வியபடி லிவர் ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். போல்ட்டை முழுவதும் கழற்றி, லிவரை வெளியே இழுத்து, ஒரு பல் மேலோ கீழோ மாற்றிச் செருகினால் அதன் முனையின் உயரம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறும். வேறு சில வண்டிகளில் லிவருக்கும் தண்டுக்கும் இடையே ஒரு மெல்லிய இணைப்புக் கம்பி இருக்கும். அதன் இரு முனைகளிலும் உள்ள பூட்டு நட்டுகளைத் தளர்த்திக் கம்பியைத் திருகினால் உயரத்தைச் சிறிது சிறிதாக மாற்றலாம். ஒரு முனையின் மரை வழக்கமான திசையிலும் மறுமுனையின் மரை எதிர்த்திசையிலும் வெட்டப்பட்டிருப்பதால், கம்பியைக் கழற்றாமலே இதனைச் செய்ய இயலும். அளவுக்கு மீறித் திருகினால் மரை போதிய அளவு பிடிக்காமல் கம்பி கழன்றுவிடக்கூடும். ஆதலால் பழகிய மெக்கானிக்கிடம் செய்வதே நன்று. ஐந்து நிமிட வேலை.

செய்வதற்கு முன் பழைய நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செய்தபின் போல்ட் உறுதியாக இறுக்கப்பட்டதா என்று கேட்டறியுங்கள். தளர்ந்திருந்தால் பற்கள் தேய்ந்து லிவர் நழுவும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எல்லா கியர்களும் விழுகின்றனவா, லிவர் எஞ்சின் மூடியிலோ ஃபுட்ரெஸ்ட்டிலோ உரசுகிறதா என்று பார்த்த பின்னரே சாலைக்குச் செல்லுங்கள்.

எந்த உயரம் சரியானது? அதற்குப் பொது அளவு இல்லை. உங்கள் கால்தான் அளவுகோல். நாள்தோறும் அணியும் அதே காலணியுடன் வண்டியில் அமருங்கள். பாதத்தை ஃபுட்ரெஸ்ட்டில் இயல்பாக வையுங்கள். விரல் முனை லிவருக்கு அடியில் உரசாமல் நுழைய வேண்டும். மேலிருந்து அழுத்தும்போது காலை ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து எடுக்க நேரக்கூடாது. இவ்விரண்டும் கைகூடினால் போதும். பாதத்தில் உணர்வு குன்றியவர் இதனைத் தம் கண்ணாலோ அருகிலிருப்பவர் கண்ணாலோ பார்த்து உறுதிசெய்ய வேண்டும். காலின் சொல்லை மட்டும் நம்பலாகாது.

கணுக்கால் முறிவு கண்டவர்களின் தேவை வேறு. நலமுள்ள கணுக்கால் பாதத்தை ஏறத்தாழ 20 பாகை மேலே தூக்கவும் 50 பாகை கீழே அழுத்தவும் வல்லது. மாவுக்கட்டு அவிழ்த்தபின் பெரும்பாலும் குறைந்திருப்பது மேல்நோக்கிய அசைவே. அத்தகையவர் கியரைத் தூக்க முயலும்போது, கணுக்காலுக்கு மாறாகத் தொடையிலிருந்து காலையே தூக்குகிறார். ஓடும் வண்டியில் ஒருபுறம் சாய்கிறார். லிவரைச் சற்றுத் தாழ்த்தினால், பாதம் கீழ்நோக்கிய நிலையிலிருந்து தூக்கத் தொடங்கும். எஞ்சியுள்ள அசைவுக்குள்ளேயே கியர் விழும். தடித்த செருப்பு அணிபவருக்கு உயர்த்த வேண்டும். மூட்டு இறுகியவருக்குத் தாழ்த்த வேண்டும். ஒருவருக்குச் சொன்னதை மற்றவர் கேட்டுச் செய்துகொள்ளலாகாது என்பது இதனாலேயே.

முன்னும் பின்னும் மிதிபலகை உள்ள லிவர்கள் பல வண்டிகளில் உண்டு. அவற்றில் குதிகாலால் அழுத்தியே கியரை மாற்றலாம். விரலை அடியில் நுழைக்க வேண்டியதில்லை. உணர்வு குன்றிய விரலுக்கு இது நல்லது. ஆயினும் பழக்கத்தால் விரலையே நுழைப்பவர் பலர். இவ்வகை லிவர் ஒரே துண்டு; முன்பகுதியை உயர்த்தினால் பின்பகுதி தாழும் என்பதை மெக்கானிக்கும் நீங்களும் நினைவில் வையுங்கள். சென்னையில் 1955 முதல் செய்யப்பட்ட பழைய புல்லட் வண்டிகளில் கியர் வலப்புறமும் பிரேக் இடப்புறமும் இருக்கும். அவ்வண்டியை இன்னும் ஓட்டுபவர்கள் தம் மருத்துவரிடம் அதனைச் சொல்ல வேண்டும். நாங்கள் பார்க்க வேண்டிய கால் மாறிவிடும்.

இவ்வளவு தொல்லை ஏன், கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கச் சொன்னால் முடிந்ததே என்று எங்கள் துறையிலேயே சிலர் கேட்கின்றனர். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் கியர் உள்ளது, கியர் இல்லாதது என உரிமத்தை வகைப்படுத்துகிறது. ஆகவே அவ்வழி திறந்தேயிருக்கிறது. வசதியுள்ளவர் தாராளமாக மாறலாம். ஆனால் நாள்கூலியில் வாழும் ஒருவரிடம் புது வண்டி வாங்கு என்பது அறிவுரையாகாது. வேலையை விடு என்பதற்கு அது மறுபெயர். ஒரு ஸ்பானரால் தீரக்கூடியதை முதலில் அதனால் தீர்ப்போம்.

எனினும் லிவரைத் திருத்துவது எல்லோருக்கும் தீர்வாகாது. முழங்காலுக்குக் கீழே நரம்பு பாதிக்கப்பட்டு, பாதத்தைத் தூக்கவே இயலாமல் தொங்கும் நிலையில் உள்ளவர்கள், லிவர் எந்த உயரத்தில் இருந்தாலும் மருத்துவரின் ஆய்வுக்கு முன் கியர் வண்டியை ஓட்டலாகாது. வலது பாதம் உணர்வற்றிருந்தால், பின் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. அவர்களும் கலந்தாலோசிக்க வேண்டும். ஆறாத புண் உள்ளவர்கள், அது ஆறும் வரை அந்தக் காலால் கியர் போடுவதை நிறுத்த வேண்டும். திறந்த செருப்பு அணிந்தால் லிவரைச் சரிசெய்த பின்னும் விரலின் மேற்புறம் காப்பற்றே இருக்கும். வண்டியோட்டுபவர்களுக்கு முன்புறம் மூடிய, உள்ளே இடம் தாராளமான காலணியே ஏற்றது. அது வாங்கியபின் லிவரின் உயரத்தை மறுபடியும் பார்க்க வேண்டும்.

இனி எங்கள் பங்கு. 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் உங்கள் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிக்கிறோம். அச்சோதனையில் குறை தெரிந்தால், அடுத்த வினா "என்ன வண்டி ஓட்டுகிறீர்கள்? எந்தக் காலணியுடன்?" என்பதாக இருக்க வேண்டும். இயன்முறை மருத்துவர் கணுக்காலின் அசைவை அளந்தபின், நோயாளியை அவருடைய வண்டியிலேயே அமர்த்திப் பார்க்க வேண்டும். நாங்கள் கேட்க மறந்தால் நீங்கள் சொல்லுங்கள். செருப்பு ஒத்துவரவில்லை என்றால் பையில் ஒளித்து வைக்காதீர்கள். ஏன் ஒத்துவரவில்லை என்று சொல்லுங்கள். உங்களைக் கடிந்துகொள்ளும் முன் காரணத்தைக் கேட்பது எங்கள் கடமை.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இரவு உணவுக்குப் பின், வண்டியோட்டி வந்தவரின் இரு பாதங்களையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்காலை மட்டுமல்லாமல் விரல்களின் மேற்புறத்தையும் பாருங்கள். சிவப்போ, தோல் தடிப்போ, கொப்புளமோ கண்டால் வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிராமல் மறுநாளே அழைத்து வாருங்கள். அந்தக் காலுக்கு வலிக்காது.

ஆத்தங்குடித் தொழிலாளரின் வண்டியில் லிவரை ஒரு பல் உயர்த்தியவர் எங்கள் மருத்துவமனைக்கு அருகில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். கூலி வாங்க மறுத்துவிட்டார். புண் ஆறும் வரை தொழிலாளர் பட்டறைக்கு உறவினர் வண்டியின் பின்னால் அமர்ந்து சென்றார். ஆறியபின் செருப்புடன் தம் வண்டியை ஓட்டி வந்து எங்களிடம் காட்டினார். அடுத்த முறை நீங்கள் வரும்போது மருந்துச் சீட்டுடன், வண்டியோட்டும்போது அணியும் காலணியையும் கொண்டு வாருங்கள். இயலுமாயின் வண்டியிலேயே வாருங்கள். வாகன நிறுத்துமிடம் வரை வந்து பார்க்க நாங்கள் அணியமாக இருக்கிறோம்.