பாடசாலைச் சுவரில் ஒட்டிய காசுக் கணக்கு

ஆபிரிக்க நாடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் "அங்கே எல்லாம் ஊழல், ஒன்றும் உருப்படாது" என்று நம்மில் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். நல்ல கொள்கைகள் அங்கும் நிறைய இருக்கின்றன. தலைநகரில் போட்ட கையெழுத்து கிராமத்துப் பாடசாலை வரை போய்ச் சேர்வதில்தான் சிக்கல். சுற்றுநிருபங்களோடு காலம் தள்ளும் ஆசிரியர்களான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உகண்டாவைப் பார்ப்போம். 1990களின் தொடக்கத்தில் அந்த நாட்டு அரசு ஆரம்பப் பாடசாலைகளுக்கு, ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று மானியம் ஒதுக்கியது. சம்பளம் தவிர்ந்த பாடசாலைச் செலவுகளுக்கான பணம் அது. திறைசேரியிலிருந்து மாவட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து பாடசாலைக்கு வர வேண்டும். கல்விக்குச் செலவு கூடியும் பலனைக் காணோமே என்ற சந்தேகத்தில், 1996இல் 250 பாடசாலைகளின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். 1991 முதல் 1995 வரை அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 வீதம்தான் பாடசாலைகளுக்கு வந்திருந்தது. பெரும்பாலான பாடசாலைகளுக்கு எதுவுமே வரவில்லை. மிச்சம் மாவட்ட மட்டத்தில், அதிகாரிகளிடமும் அரசியல்வாதிகளிடமும் நின்றுவிட்டது. பிள்ளைகளின் அமானிதம் அது. பெற்றோரோ தங்கள் கையிலிருந்து போட்டுப் பாடசாலையை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு அரசு செய்த காரியம் மிகச் சாதாரணமானது. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று பத்திரிகைகளில் போட்டது. வந்த தொகையைப் பாடசாலையிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டச் சொன்னது. 2001 அளவில் 80 வீதத்துக்கு மேல் பாடசாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதைப் பத்திரிகையின் வெற்றி என்று மட்டும் சொல்லக்கூடாது என்போரும் உண்டு. அதே ஆண்டுகளில் மானியத் தொகை கூடியது, மேற்பார்வையும் இறுகியது. அது நியாயமான பேச்சுத்தான். ஆனாலும் அதிபரின் இடத்தில் நின்று பாருங்கள். தனக்கு எவ்வளவு வர வேண்டும் என்றே தெரியாத மனிதர் எதைக் கேட்பார்? யாரிடம் கேட்பார்?

கென்யாவில் நடந்தது வேறு கதை. ஒப்பந்த அடிப்படையில் மேலதிக ஆசிரியர்களை எடுக்கும் திட்டம் ஒன்றை அங்கே இரண்டு விதமாகப் பரீட்சித்தார்கள். தொண்டு நிறுவனம் நடத்திய பாடசாலைகளில் பிள்ளைகளின் புள்ளிகள் கூடின. அரசே நடத்திய பாடசாலைகளில் ஒரு மாற்றமும் இல்லை. திட்டம் ஒன்றுதான், நடத்திய கைதான் வேறு. நாடு முழுவதற்கும் என்று அரசு கையிலெடுத்தபோது ஆசிரியர் சங்கம் எதிர்த்து நின்றது. குறைந்த சம்பளத்தில் நிரந்தரமில்லாத வேலை என்றால் நாமும் எதிர்த்துத்தான் இருப்போம். ஆகவே அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர்களோடு முதலில் உட்கார்ந்து பேசாமல் போட்ட திட்டம் எங்கே போய் முட்டும் என்பது தெரிந்ததுதானே?

மீண்டும் உகண்டாவுக்கு வருவோம். 1997இல் ஆரம்பக் கல்விக் கட்டணத்தை நீக்கினார்கள். ஏறத்தாழ 30 இலட்சமாக இருந்த மாணவர் தொகை ஒரே ஆண்டில் 50 இலட்சத்தைத் தாண்டியது. வகுப்பறையும் போதவில்லை, ஆசிரியரும் போதவில்லை. அந்த நெருக்கடியில் நின்று கற்பித்தவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் சில ஆண்டுகள் கழித்து முன்னறிவிப்பில்லாமல் பாடசாலைகளுக்குப் போய்ப் பார்த்தபோது, 27 வீதமான ஆசிரியர்கள் பாடசாலையில் இல்லை.

இந்த இடத்தில் நமக்கே கொஞ்சம் உறுத்துகிறது. மாவட்ட அலுவலகம் எவ்வளவு விழுங்கியது என்பதைச் சுவரில் ஒட்டினால் கை தட்டுகிறோம். அதே சுவரில், அந்தக் காசுக் கணக்குக்குப் பக்கத்தில், நம் வரவுப் பதிவையும் பெற்றோர் பார்க்கும்படி ஒட்டச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் சம்மதிப்போம்? போன கிழமை ஓய்வறையில் இந்தக் கேள்வியைப் போட்டோம். பேச்சு சட்டென்று கிரிக்கெட்டுக்கு மாறிவிட்டது.