வாஷரும் சாக்கடையும் ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன

பழைய வாடகை வீட்டுக்குக் குடிபோகும் இளைஞர்கள் பலர் இப்போது ஸ்க்ரூடிரைவரும் டெஃப்லான் டேப்புமாகத்தான் போகிறார்கள். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது, தொய்ந்த கதவின் கீலை முடுக்குவது, கருகிய சுவிட்சைக் கழற்றி வேறு போடுவது என எல்லாவற்றையும் வீடியோ பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். மெயினை அணைத்துவிட்டுச் செய்தால் நல்ல விஷயம்தான். ஆனால் 'நாமே செய்துகொள்வோம்' என்கிற இந்த உற்சாகம் ஓர் இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. இன்னோர் இடத்தில் அது உற்சாகமே இல்லை, வேறு வழியின்மை. இரண்டு இடங்களிலும் சாதி உட்கார்ந்திருக்கிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று அதன் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கழிப்பறைச் சாதனங்கள், சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு.

வாஷரும் சாக்கடையும் ஒரே பட்டியலில் இருக்கின்றன, கவனியுங்கள். சட்டத்துக்கு இரண்டும் ஒன்று. நமக்குத்தான் வேறு வேறு.

மின்விசிறிக்கு கண்டன்சர் மாற்றிவிட்டுப் படம் எடுத்துப் போடுகிற அதே தோழர், குளியலறையில் தண்ணீர் தேங்கினால் 'யாராவது ஆளைக் கூப்பிடலாம்' என்கிறார். குழாய் வேலைக்கு வருபவர் பிளம்பர், மின்வேலைக்கு வருபவர் எலக்ட்ரீஷியன். அடைப்பு எடுக்க வருபவர் மட்டும் 'ஆள்'. தொழிலுக்குப் பெயரில்லாத அந்த 'ஆள்' எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். மாநகராட்சித் துப்புரவுப் பணியாளரை வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் மறித்து, கையில் ஏதோ கொஞ்சம் திணித்து, கைகழுவ வாசல் குழாயைக் காட்டுகிறோம்.

இத்தனைக்கும் அது பத்து நிமிட வேலை. குளியலறைத் தரையில் இருக்கும் நஹானி ட்ராப்பின் ஜாலியைத் தூக்கினால் உள்ளே ஒரு கோப்பை இருக்கும். அதைச் சுற்றி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. கையுறை மாட்டிக்கொண்டு கோப்பையை எடுத்து, நம் தலைமுடியையும் நம் சோப்புக் கசடையும் வழித்துப் போட்டுவிட்டு, கோப்பையைக் கழுவி மறுபடி வைத்தால் தண்ணீர் இறங்கிவிடும். அவசரப்பட்டு ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். கடினமான வேலை என்று ஒன்றுமில்லை. அருவருப்பு என்று நாம் சொல்வதில் பாதி, சிறு வயதிலேயே நமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சாதி.

கழிவுநீர்த் தொட்டி வேறு விஷயம். அதில் நீங்களும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்ச நேரத்தில் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். ஆபத்து தெரிவதற்குள் மனிதர் மயங்கி விழுந்துவிடுவார். 'நீங்களே ஆள் வச்சு பார்த்துக்குங்க' என்று வீட்டுக்காரர் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்பில்லாமல் தொட்டிக்குள் ஆள் இறக்குவது யார் செய்தாலும் குற்றம். மாநகராட்சி, ஒப்பந்ததாரர் என்று மட்டுமில்லை, உங்களையும் சேர்த்துத்தான். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை. உறிஞ்சு லாரியை வரவழையுங்கள். லாரி நுழையாத சந்து என்றால் நீளமான குழாய் கொண்டுவரச் சொல்லுங்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. அதற்குப் பிறகும் ஆள் இறக்குவது நிற்கவில்லை.

இனி உரிமையாளரின் பட்டியல். சென்னையின் பழைய பேட்டைகளில் மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட வீடுகள் இன்னும் வாடகைக்கு விடப்படுகின்றன. மர உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கட்டியவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசி பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே சிக்கி, உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிரும். குடியிருப்பவர் எத்தனை முறை சுரண்டிப் பட்டி பார்த்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி வரும். அது கட்டடத்தின் நோய். செலவு உரிமையாளருடையது. அவர் மறுத்தால் குடியிருப்பவரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' யாருக்கு? 'சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு? நான்வெஜ் சமைப்பீங்களா?' என்ற கேள்விகளைத் தாண்டி, பத்து வீடு ஏறி இறங்கி, பதினோராவது வீடு கிடைத்த தலித் குடும்பம், ஒழுகுகிறது என்று போய்ச் சொல்லுமா? சொன்னால் 'உங்க ஆளுங்க வீட்டை வச்சுக்குற லட்சணம்' என்று பதில் வரும், அல்லது காலி செய்யச் சொல்வார்கள். 1917இல் பரோடாவில் பெயரை மாற்றிச் சொல்லி பார்சி விடுதியில் தங்கிய அம்பேத்கர், சாதி தெரிந்ததும் தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். இன்று தடி தேவைப்படவில்லை. 'ஊர்லேர்ந்து பையன் வர்றான், வீடு வேணும்' என்ற ஒரு வாக்கியம் போதும். சாதி பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் பிரிவு எதுவும் அந்த வாடகைச் சட்டத்தில் இல்லை.

ஆகவே அந்தக் குடும்பம் வாயை மூடிக்கொண்டு தார்ப்பாய் வாங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மாடியேறி விரிசலில் சிமென்ட் பூசுகிறது. இற்றுப்போன இரும்புக் குழாயைத் தன் காசில் மாற்றுகிறது. ரசீதில் வராத இந்தத் தொகையும் வாடகைதான். ஒரே வீட்டுக்கு ஒரு சாதி ஒரு வாடகையும் இன்னொரு சாதி அதைவிடக் கூடுதல் வாடகையும் கொடுக்கின்றன. இதைச் சிக்கனம் என்றும் சுயசார்பு என்றும் பாராட்டுவதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

நான்கு குடித்தனம் இருக்கும் கட்டடத்தில் கூரை ஒழுகினால் படம் எடுத்து, தேதி போட்டு, உரிமையாளருக்கு ஒரே கடிதமாக எழுதுங்கள். நான்கு வீட்டாரும் கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்து, காலி செய்யச் சொன்னால் அடுத்த வாரமே வேறு வீடு கிடைக்கக்கூடியவருடையதாக இருக்கட்டும்.