சின்ன ஆஸ்பத்திரி ஏன் அனுப்பி வைக்கிறது?



"அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன பயன்? ஒரு ஊசியைப் போட்டுவிட்டு அம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள்!" ஊருக்குப் பக்கத்திலுள்ள சிறிய வைத்தியசாலைகளைப் பற்றி நமது வீடுகளில் இப்படியொரு முறைப்பாடு உண்டு. பிரசவத்துக்குப் போன மருமகளைப் பெரிய வைத்தியசாலைக்கு மாற்றிவிட்டால் சில மாமிமாருக்கு அது மானக்குறைவாகவும் தெரிகிறது.

அந்த ஒரு ஊசியை லேசாக நினைத்துவிட வேண்டாம். பிள்ளை பிறந்ததும் தாய்க்குப் போடும் 10 அலகு ஒக்சிடோசின், கருப்பையைச் சுருங்கச் செய்து இரத்தப் போக்கைத் தடுக்கிறது. பிறஷர் கூடி வலிப்பு வந்த தாய்க்கு மக்னீசியம் சல்பேற்று ஊசி உண்டு. சேலைன் ஏற்றுவது, தங்கிவிட்ட நஞ்சுக்கொடியைக் கையால் எடுப்பது, மூச்சு விடாத பிள்ளைக்கு முகமூடி வைத்துக் காற்றுக் கொடுப்பது எல்லாம் பயிற்சி பெற்றவர்கள் சிறிய இடத்திலும் செய்யக்கூடியவை. ஆனால், வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கவும் இரத்தம் ஏற்றவும் சத்திரசிகிச்சைக் கூடம் வேண்டும், மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் வேண்டும், இரத்த வங்கி வேண்டும். இவை பெரிய வைத்தியசாலைகளில்தான் இருக்கின்றன. ஆகவே, முதலுதவி செய்து உரிய நேரத்தில் அனுப்பி வைப்பதும் வைத்தியம்தான்.

1930களில் நமது நாட்டில் 1,00,000 பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைக் காலத்தில், கொரோனா ஆண்டை விட்டுப் பார்த்தால், அது 30 அளவுக்கு இறங்கியிருக்கிறது. வீடு வீடாக வரும் மருத்துவிச்சிமாருக்கும் இந்தச் சிறிய வைத்தியசாலைகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு.

தாமதம் பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது. பிரசவத்தின் பின் வரும் கடும் இரத்தப் போக்கைக் கவனியாது விட்டால் இரண்டே மணித்தியாலத்தில் உயிர் போகலாம். அந்த இரண்டு மணித்தியாலத்தை நாம் எப்படிச் செலவிடுகிறோம்? கட்டாரிலுள்ள கணவருக்கு ஃபோன் எடுத்துப் பதிலுக்குக் காத்திருக்கிறோம். வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வரட்டும் என்கிறோம். பெண் டொக்டர் இருக்கிறாரா என்று விசாரிக்கிறோம். பெண் டொக்டரைத் தேடுவது நல்லதுதான். ஆனால் அவர் இல்லாத நேரத்தில் உயிரைக் காக்க ஆண் டொக்டர் தேவையான அளவுக்குப் பார்ப்பதையும் தொடுவதையும் மார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. இதில் எந்த மத்ஹபிலும் தடையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரசவத்தில் மௌத்தான பெண்ணுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டென்று ஹதீஸில் வந்திருக்கிறது. அது அந்தப் பெண்ணுக்கு அல்லாஹ் தரும் கூலி. வாகனம் பிடிக்கத் தாமதித்த நாம் அந்த ஹதீஸைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வது எந்த வகையில் நியாயம்?

பிள்ளையின் விடயத்திலும் அவசரம் உண்டு. பிறந்த பிள்ளை மூச்சு விடவில்லையென்றால் முதலாவது நிமிடத்துக்குள் காற்றுக் கொடுக்க வேண்டும். பிறகு உடல் சூடு குறையாமல் தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்து, முதல் மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். குளிப்பாட்டுவதை 24 மணித்தியாலத்துக்குப் பிற்போடுங்கள். ஒரு வயது நிறையும் வரை தேன் தொட்டு வைக்க வேண்டாம். அதில் பிள்ளையின் நரம்புகளைத் தாக்கும் கிருமி இருக்கலாம். தஹ்னீக் செய்ய விரும்பினால் பேரீச்சம்பழம் போதும். அதையும் வாட்டிலுள்ள டொக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் நாற்பது நாட்கள் கவனமாக இருங்கள். நாற்பது என்று சொல்லி அறைக்குள் இருக்கும் தாய்க்குக் காய்ச்சல், கடும் தலையிடி, நாற்றமுள்ள போக்கு, துணி நனையும் இரத்தப் போக்கு, மூச்சுத் திணறல் எது வந்தாலும், அல்லது பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும், நெஞ்சு உள்வாங்க வேகமாக மூச்சு விட்டாலும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாகத் தெரிந்தாலும் நாள் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால், அடுத்த கிளினிக்கில் மருத்துவிச்சியிடம் கேளுங்கள்: இரவில் அவசரமென்றால் எங்கே போவது, சத்திரசிகிச்சைக் கூடம் எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரம் பிடிக்கும்? 2016இல் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் இலவசமானது. அந்த இலக்கத்தைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள். கணவர் வெளிநாட்டில் இருந்தால், "என்னைக் கேட்காமலே கொண்டு போங்கள்" என்று அவரை இப்போதே மாமியிடம் சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.