யானை அறியாத எல்லை

மைசூரு விலங்குக் காட்சிசாலை 1892ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. விடுமுறை நாள்களில் அங்குச் செல்லும் சிறுவர்கள் குரங்கைக் கண்டு சிரிப்பர். யானையைக் கண்டு வியப்பர். பின்னர் அடுத்த கூண்டிற்கு நகர்வர். அவர்களுள் ஒருவர் மட்டும் அங்கேயே நின்று, "இந்தக் குரங்கு ஏன் அந்தக் குரங்கின் மயிரைக் கோதிவிடுகிறது?" என்று வினவக்கூடும். அவ்வினாவிற்கு விடை தேடுவதற்கென்றே உயர்கல்வித்துறை ஒன்று உண்டு. அதன் பெயர் விலங்கு நடத்தையியல். அத்துறையைப் பொழுதுபோக்கு எனக் கருதுவோர் பலர். அக்கருத்து பிழையானது. அது மனித உயிரையும் காக்கும் கல்வியாகும்.

கற்கும் முறை

விலங்கியல், உளவியல் முதலிய பாடங்களில் இளநிலைப் பட்டம் பெற்றோர், முதுநிலையிலும் முனைவர் பட்ட ஆய்விலும் இத்துறையை மேற்கொள்ளலாம். 1916இல் நிறுவப்பட்ட மைசூரு பல்கலைக்கழகத்தில் இவ்வாய்வு உளவியல் துறையிலேயே வளர்ந்தது. அங்குப் பேராசிரியர் மேவா சிங்கும் அவருடைய மாணவர்களும் ஆனைமலையின் சோலைமந்திகளையும் திண்டுக்கல் பகுதியின் தேவாங்குகளையும் ஆராய்ந்தனர். மேற்குத் தொடர்ச்சி மலையில் கண்டறியப்பட்ட இரவுத் தவளை இனம் ஒன்றிற்கு 2017இல் அப்பேராசிரியரின் பெயர் சூட்டப்பட்டது.

இத்துறையில் புகுவோர்க்கு விலங்கின்மீது அன்பு இருந்தால் மட்டும் போதாது; பொறுமையும் நேர்மையும் வேண்டும். கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே அடையாளம் காணவேண்டும். ஆணா, பெண்ணா, குட்டியா எனப் பிரித்தறிய வேண்டும். குறித்த கால இடைவெளியில் அது செய்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும். "குரங்கு கோபம் கொண்டது" என்று எழுதுதல் கூடாது; "பல்லைக் காட்டியது, முன்னோக்கிப் பாய்ந்தது" என்றே எழுதவேண்டும். முன்னது எழுதுபவரின் ஊகம். பின்னது கண்ட உண்மை. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் எத்துறையிலும் சிறப்பர்.

இத்தகைய நுண்ணோக்கு தமிழுக்குப் புதிதன்று. ஆண் குரங்கைக் கடுவன் என்றும் பெண் குரங்கை மந்தி என்றும் ஆண் யானையைக் களிறு என்றும் பெண் யானையைப் பிடி என்றும் தமிழர் பிரித்து வழங்கினர். தொல்காப்பிய மரபியல், இளமைப் பெயர்களை மட்டும் ஒன்பதாக வகுத்துக் கூறுகிறது.

ஆய்வு தந்த பயன்

சென்னையில் பிறந்த இராமன் சுகுமார், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வு மாணவராக, 1980களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலும் தமிழகத்தின் சத்தியமங்கலம் காட்டிலும் யானைகளைப் பின்தொடர்ந்தார். கேழ்வரகு முதலிய பயிர்களை மேய வருவனவற்றுள் வளர்ந்த களிறுகளின் பங்கே மிகுதி என்பதை அவர் கண்டறிந்தார். வயலில் ஊட்டம் மிகுதி, ஆபத்தும் மிகுதி. நல்ல ஊட்டம் பெற்ற களிறு இனப்பெருக்கப் போட்டியில் முந்தக்கூடும். ஆகவே அது துணிகிறது என்பது அவ்வாய்வு தந்த விளக்கம். யானைகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல என்பதை உழவரும் வனத்துறையினரும் அறிந்தாலன்றிப் பயிர்க்காவல் பயன் தராது.

மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்டு 1996இல் தொடங்கப்பட்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் பணி, வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் இதனை மேலும் விளக்குகிறது. அங்கு யானையால் உயிரிழந்தோருள் பெரும்பாலோர், யானை அருகில் நிற்பதை அறியாமல் வெளியே நடந்தவர்கள். யானைகள் செல்லும் வழிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தோர், அவை நிற்கும் இடத்தைத் தொழிலாளர்க்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தி வாயிலாகத் தெரிவித்தனர். சிவப்பு எச்சரிக்கை விளக்குகளையும் நிறுவினர். அச்செய்தி தமிழிலும் சென்றது. தோட்டத் தொழிலாளிக்குப் புரியாத மொழியில் சென்றிருந்தால் அந்த ஆய்வால் அவருக்கு என்ன பயன்?

மறுப்பும் விடையும்

"இதனைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பது இயல்பே. ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கும் குடும்பத்திற்கு அக்கவலை சிறிதன்று. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் உள்ள அளவிற்கு இதில் பணியிடங்கள் இல்லை. அட்டைக்கடியும் மழையும் நெடிய காத்திருப்பும் உண்டு. இவற்றை மறைத்து மாணவரை அழைப்பது நேர்மையாகாது. எனினும் பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிறுவனங்கள், காட்சிசாலைகள், பாதுகாப்பு அமைப்புகள் ஆகியவற்றிற்கு இவ்வறிவு தேவைப்படுகிறது. விருப்பமும் உறுதியும் உடைய ஒரு பிள்ளையை, அண்டை வீட்டார் அறியாத படிப்பு என்பதற்காக மட்டும் தடுத்தல் தகாது.

மேலும், மைசூருவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. இந்நகரின் தெற்கே பந்திப்பூர்க் காடு. அதனை அடுத்து முதுமலை. மாநிலங்களின் எல்லைக்கோடு வரைபடத்தில் உள்ளது; யானை அதனை அறியாது. காலையில் கன்னட ஊரின் ஓரத்தில் மேய்ந்த யானை, பின்னர்த் தமிழகக் காட்டினுள் புகும். அதனைப் பின்தொடரும் ஆய்வாளர் இரு பக்கத்து உழவரிடமும் வனக்காவலரிடமும் பழங்குடியினரிடமும் பேசவேண்டும். எந்த ஓடையில் எப்பொழுது யானை நீர் அருந்தும் என்பதை நூலைவிட அவர்களே நன்கு அறிவர். தெருவில் கன்னடமும் வீட்டில் தமிழும் பேசும் பிள்ளை அவர்களுடன் நேரே பேசமுடியும்.

வீட்டுமொழியால் பயனில்லை என்று எண்ணித் தமிழைக் கைவிடும் மாணவர் இதனைக் கருதவேண்டும். இரு மொழிகளையும் பிழையறக் கற்றவர்க்கு எல்லையின் இரு புறத்துக் காடும் பாடநூலாகும். அவருடைய குறிப்பேட்டில் எழுதப்படும் ஓர் உண்மை, மலைப்பாதையில் இருளில் வீடு திரும்பும் ஒரு தொழிலாளியைப் பிழைக்க வைக்கலாம்.