'ரெண்டு மடக்கு குடி' என்று சொல்ல ஒரு ஆப் தேவையா?

(இறுதியாண்டு, கம்ப்யூட்டர் என்ஜினீயரிங்)



ஆறாவது செமஸ்டர் பிறந்துவிட்டால் நம் டிபார்ட்மெண்டில் ஒரு காய்ச்சல் பரவும். ப்ராஜெக்ட் காய்ச்சல்! 'என்னடா டைட்டில்?', 'உங்க பேட்ச்சுக்கு யாருடா கைடு?' என்று வராண்டா முழுக்க இதே பேச்சு. லைப்ரரி மேனேஜ்மெண்ட் சிஸ்டம், ஹாஸ்பிடல் மேனேஜ்மெண்ட் சிஸ்டம், அட்டெண்டன்ஸ் சிஸ்டம்... சீனியர்கள் விட்டுச் சென்ற இந்தப் பரம்பரைச் சொத்துக்கள் பேட்ச் பேட்ச்சாகக் கைமாறி வருகின்றன. முதல் தாளில் பெயரையும் ரெஜிஸ்டர் நம்பரையும் மாற்றினால் ப்ராஜெக்ட் ரெடி.

இப்படிப்பட்ட சூழ்நிலையில், நம் நண்பர்கள் சிலர் 'நாங்க சொந்தமா யோசிச்சிருக்கோம்டா' என்று வந்தார்கள். அவர்கள் யோசித்தது என்ன தெரியுமா? பார்ட்டியில் குடிக்கும்போது விளையாடுகிற 'டிரிங்கிங் கேம்' ஆப்! கைடிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லும்போது பக்கத்தில் நிற்க எனக்கு ஆசை.

அது செய்யத் தகுந்ததல்ல என்பது என் கருத்து. ஆனால் 'சீச்சீ, மாணவன் குடியைப் பற்றிப் பேசலாமா' என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனமில்லை. அந்த வரியைச் சொல்ல நம் சார்கள் இருக்கிறார்கள். சொந்தமாக யோசித்தவனுக்குச் சொந்தமாக யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

முதலில் இந்த ஆப் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பிரான்சில் உருவான 'பிகோலோ' இந்த வகையில் பேர்போனது. ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து எல்லார் பெயரையும் போனில் அடிக்கிறார்கள். திரையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு சீட்டாக வருகிறது. 'குமார், நீ எப்போதாவது பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் போயிருந்தால் ரெண்டு மடக்கு குடி', 'ரவியும் பாபுவும் ஒரு சினிமாப் பெயரை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள், தோற்றவர் மூணு மடக்கு'. இவ்வளவுதான் சமாச்சாரம். சீட்டுக்கட்டை வைத்து வெளிநாட்டு விடுதிகளில் காலங்காலமாக ஆடி வந்ததைப் போனுக்குள் போட்டிருக்கிறார்கள்.

நம் கண்ணால் பார்த்தால் இதில் என்ன இருக்கிறது? ஒரு அர்ரே. அதில் 200 வாக்கியங்கள். ஒரு ரேண்டம் நம்பர். ரெண்டாம் வருஷப் பையன் ஒரு வாரத்தில் முடித்துவிடுவான். ஆனாலும் இந்தச் சின்ன வேலையிலும் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் ரேண்டமாக ஒரு சீட்டை எடுத்துக் காட்டினால், 200 சீட்டு இருந்தாலும் 17 சீட்டு வருவதற்குள் ஏதாவது ஒன்று மறுபடி தலைகாட்டப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. 'என்னடா, பார்த்த சீட்டே வருது' என்று அங்கேயே விளையாட்டு படுத்துவிடும். அதனால் முழுக்கட்டையும் ஒரு தடவை கலைத்துவிட்டு வரிசையாகத்தான் கொடுக்க வேண்டும். கலைப்பதிலும் வம்பு இருக்கிறது. மூன்று சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்தையும் மூன்றில் ஏதோ ஓர் இடத்தோடு மாற்றினால் 27 வழிகள். மூன்று சீட்டை அடுக்கக்கூடிய வரிசைகளோ 6. 27-ஐ 6-ஆல் மீதியில்லாமல் வகுக்க முடியுமா? ஆக, சில வரிசைகள் அதிகமாக வந்தே தீரும். சரியான முறையை ஃபிஷரும் யேட்ஸும் 1938-லேயே காகிதத்தில் எழுதி வைத்தார்கள், டர்ஸ்டன்ஃபெல்ட் 1964-ல் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தார். இதைத் தெரிந்துகொள்வது நல்லதே. ஆனால் இதற்கு மேல் அந்த ஆப்பில் என்ஜினீயரிங் என்று ஒன்றும் கிடையாது. வைவாவில் எக்ஸ்டெர்னல் கேட்கும் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்காது.

'மார்க் போனாப் போகுது மச்சான், காசு வரும்ல?' என்கிறார்கள்.

வருமா? கணக்குப் போடுவோம். ஒரு சீட்டுக்கு முக்கால் நிமிடம் என்றால் இரண்டு மணி நேரப் பார்ட்டியில் 160 சீட்டு காலி. நீங்கள் ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய 200 சீட்டு ஒரு ராத்திரிக்குத்தான் தாங்கும். மறுநாள் காலை தலைவலியோடு எழுந்திருப்பவன் முதலில் அந்த ஆப்பைத்தான் டெலிட் செய்வான், அம்மா போனைப் பார்ப்பதற்குள்! மாதம் ஒருமுறை திறக்கிற ஆப்பில் விளம்பரம் போட்டு என்ன சம்பாதிப்பது? விளம்பரம் கொடுக்க ஆசைப்படக்கூடியவர்கள் மதுக் கம்பெனிக்காரர்கள்தான். நம் நாட்டிலோ டி.வி.யில் மது விளம்பரத்துக்குத் தடை. அதனால்தான் அவர்கள் சோடா என்றும் பாட்டு சி.டி. என்றும் சுற்றி வளைத்து வந்தார்கள்.

கடைக்காரர்கள் கதவைத் திறப்பார்களா என்பது அடுத்தது. ஆப்பிள் கம்பெனியின் ஆப் ஸ்டோர் விதிகளில் 4.3 என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஏற்கனவே நிரம்பி வழிகிற வகைகளில் இன்னொன்றைக் கொண்டுவராதீர்கள் என்று சொல்லி, டார்ச் லைட் ஆப், ஏப்பம் விடும் ஆப், ஜோசிய ஆப் ஆகியவற்றோடு டிரிங்கிங் கேமையும் அதே வரிசையில் பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறார்கள். ஏப்பத்துக்கும் ஜோசியத்துக்கும் பக்கத்து சீட்! பிரமாதமாகவும் புதுமையாகவும் இருந்தால் மட்டும் உள்ளே விடுவார்களாம். அது போக வருஷத்துக்கு 99 டாலர் கட்டணம், கையில் ஒரு மேக் கம்ப்யூட்டர். நம் லேபில் மவுஸே பாதி வேலை செய்வதில்லை, அதை விடுங்கள்.

கூகுள் பிளே ஸ்டோரில் ஒருமுறை 25 டாலர் கட்டினால் போதும். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும், நாலு பேர் சேர்ந்தால் முடியும். ஆனால் கணக்கு தொடங்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால் வெளியிடும் முன் ஆட்களைச் சேர்த்து 14 நாள் தொடர்ந்து சோதித்துக் காட்ட வேண்டும். முதலில் 20 பேர் என்றார்கள், 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். டிரிங்கிங் கேமைப் பன்னிரண்டு பேர் பதினாலு நாள் தொடர்ந்து டெஸ்ட் பண்ணுவதா! ஹாஸ்டல் வார்டனிடம் என்ன காரணம் எழுதிக் கொடுப்பீர்கள்? அளவுக்கு மீறிக் குடிப்பதையும் போட்டி போட்டுக் குடிப்பதையும் நல்லதாகக் காட்டக்கூடாது என்று கூகுளின் விதியிலும் இருக்கிறது. போட்டியை எடுத்துவிட்டால் கேமில் என்ன மிச்சம்?

இதெல்லாம் வெளிச்சங்கதி. நம்மூர்ச் சங்கதி வேறு. இந்த விளையாட்டு ஒரு குறிப்பிட்ட உலகத்துக்காகப் பிறந்தது. நண்பர்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள், ஆணும் பெண்ணும் இருப்பார்கள், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடியப் பேசுவார்கள். நம்மூரில் குடி அப்படியா நடக்கிறது? சில்லறை மது விற்பனையை அரசே டாஸ்மாக் மூலம் எடுத்துக்கொண்டது 2003 நவம்பரில். இன்று டிப்ளமோ படிக்கிற நம்மில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். நாம் பிறந்தது முதல் பார்க்கிற காட்சி என்ன? ஒரு குவார்ட்டர், ஒரு தண்ணீர் பாக்கெட், ஒரு பிளாஸ்டிக் டம்ளர், கொஞ்சம் ஊறுகாய். நின்றபடியே பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போகிற மனிதர்கள். அதில் சிலர் வேலைக்குப் போய்விட்டு வரும் நம் தெருக்காரர்கள். சிலர் நம் வீட்டுக்காரர்கள். 'குடிக்கிறவனுக்குக் கேம் வேற வேணுமாடா?' என்று நம் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விக்கு அந்த பேட்ச்சில் யாரும் பதில் சொல்லவில்லை. மாதக் கடைசியில் அப்பா எத்தனை மணிக்கு எப்படி வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே படித்து டென்த் பாஸ் பண்ணியவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேர் என்று கையைத் தூக்கச் சொல்ல முடியாது. ஆனால் நமக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் மது வாங்க வயது 21. டென்த் முடித்து நேராக வருகிற நாம் பத்தொன்பதில் டிப்ளமோவை முடித்துவிடுவோம். ஆக, நாமே சட்டப்படி தொடக்கூடாத பொருளுக்கு நாமே ஆப் எழுதி, நம் வயதுப் பையன்களை வைத்தே டெஸ்ட் பண்ணுவதாகத் திட்டம்!

எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. மதுவைக் குடித்தவுடன் அது தலைக்கு ஏறுவதில்லை. ரத்தத்தில் முழுதாக ஏற அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை பிடிக்கும். கல்லீரலோ மணிக்கு ஏறக்குறைய ஒரு சின்ன அளவைத்தான் கரைக்கும். இந்த இடைவெளியில்தான் ஆபத்து. தனியாகக் குடிப்பவன்கூட 'போதும்' என்று ஒரு கட்டத்தில் டம்ளரைக் கவிழ்க்கிறான். விளையாட்டில் அந்தப் 'போதும்' அவன் கையில் இல்லை. முதல் மடக்கின் போதை முழுதாகத் தெரிவதற்குள், முக்கால் நிமிஷத்துக்கு ஒன்றாக 40 சீட்டு ஓடிவிடும். எவ்வளவு குடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது நாம் எழுதிய ரேண்டம் ஃபங்ஷன். மறுத்தால் சுற்றி இருப்பவர்கள் 'ஊ...' என்று கத்துவார்கள். 2014-ன் தொடக்கத்தில் 'நெக்நாமினேஷன்' என்று ஒரு விளையாட்டு இன்டர்நெட்டில் பரவியது. ஒரே மூச்சில் குடித்துப் படம் பிடித்துப் போட்டுவிட்டு அடுத்தவனைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சில இளைஞர்கள் செத்தே போனார்கள். அவர்களில் யாரும் சாகக் குடித்தவர்கள் அல்ல. பெயர் சொல்லி அழைத்தார்கள், மறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். நாலு பேர் சிரிக்கட்டும் என்று எழுதுகிற கோடு, யாரோ ஒரு பையன் 'வேணாம்டா' என்று சொல்லும் உரிமையைப் பறிக்கிறது என்றால் அதை எழுதும் கை நம்முடையதாக இருக்க வேண்டாம்.

அப்படியானால் நண்பர்களின் யோசனையைக் குப்பையில் போட வேண்டியதுதானா? அங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. 2008-ல் ஜேவி கேம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் நின்டெண்டோ வீ கருவிக்கு 'பீர் பாங்' என்று ஒரு கேம் கொண்டுவரப் பார்த்தது. பந்தைக் கோப்பையில் போடும் ஆட்டம். கனெக்டிகட் மாநில அட்டர்னி ஜெனரலாக அப்போது இருந்த ரிச்சர்ட் புளூமென்தால் எதிர்க்க, பீர் போய் 'பாங் டாஸ்' என்று பெயர் மாறி வெளிவந்தது. பீரை எடுத்த பின் பார்த்தால் வெறும் பந்து, விமர்சகர்கள் கிழித்துவிட்டார்கள். நம்மவர்களும் தங்கள் 200 சீட்டையும் எடுத்து 'ரெண்டு மடக்கு குடி' என்ற இடத்திலெல்லாம் 'ரெண்டு வரி பாடு', 'நாளைக்கு டீ உன் செலவு' என்று மாற்றிப் படித்துப் பார்க்கட்டும். அப்போதும் சிரிப்பு வந்தால் அது விளையாட்டு.

நம்மிடம் விளையாட்டுக்கா பஞ்சம்? ராஜா ராணி சீட்டு, அந்தாக்ஷரி, டம் ஷராட்ஸ், தாயம்! கல்யாண வீட்டில் ராத்திரி தூங்காத கூட்டம், டூர் பஸ்ஸின் கடைசி சீட், கரண்ட் போன ஹாஸ்டல் ரூம். இவைதான் நம் பார்ட்டிகள். மும்பைப் பக்கத்து நிறுவனம் 2016-ல் வெளியிட்ட லூடோ கிங், 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு ஆடப்பட்டதே, அதில் எவன் குடித்தான்? 2014-ல் வந்த ஜாக்பாக்ஸ் பார்ட்டி பேக் இன்னொரு வழி காட்டியது. நடுவில் ஒரே திரை. அவரவர் போனில் பிரவுசரைத் திறந்து ஒரு கோடை அடித்தால் ஆட்டத்தில் சேரலாம். நமக்கு இது லாபம். வெப் பேஜாகச் செய்தால் 25 டாலரும் வேண்டாம், 12 டெஸ்டரும் வேண்டாம்.

வைவாவில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல ஒரு விஷயமும் இருக்கிறது: தமிழ்! ஆங்கிலச் சீட்டில் பெயரை அப்படியே சொருகினால் போதும். தமிழில் 'குமார்' என்ற பெயரோடு 'க்கு' சேர்த்தால் 'குமார்க்கு' என்று பல்லிளிக்கும். குமாருக்கு, ராஜாவுக்கு, மணிக்கு, பாபுவுக்கு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். மெய்யில் முடிந்தால் புள்ளியை எடுத்து உகரம் போடு, ஆகாரத்தில் முடிந்தால் வகரம் சேர், இகரம் என்றால் நேராக ஒட்டு. சரி, செல்வம்? செல்வத்துக்கு. அப்படியானால் 'அம்' என்று முடிகிற பெயரெல்லாம் 'அத்துக்கு' ஆகுமா? 'விக்ரம்' வந்தால் 'விக்ரத்துக்கு' என்று காட்டி உங்கள் ஆப் மானம் போகும்! அக்ரமுக்கும் அதே கதி. எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. விதிவிலக்குப் பட்டியல் ஒன்று தனியாக வேண்டும். 'ஜெயித்தான்' என்பதா, 'ஜெயித்தாள்' என்பதா என்பது அடுத்த தலைவலி. 'ஜெயித்தது விக்ரம்' என்று வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்கிறேன்.

பட்டியலுக்கு வெளியே போய் அலைய வேண்டாம். நம் கல்லூரியின் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்களை எடுத்து எல்லாப் பெயர்களையும் இந்த விதிகளில் ஓட்டிப் பார்த்தால், எது எது முரண்டு பிடிக்கிறது என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். டைட்டில் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. அந்த பேட்ச் நண்பர்களில் ஒருவன் பெயர் விக்ரம் என்பதால் டெஸ்டிங்குக்கும் ஆள் தயார்.