தனியாக லாரி ஓட்டும் இளைஞரின் பையில் என்ன இருக்க வேண்டும், அதை யார் தர வேண்டும்?

2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதன வசதி கட்டாயம் என்று ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதித்திருக்கிறது. வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் ஏற்கெனவே சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் லாரிகளை அது தொடாது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சிவகாசியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளோடு வடக்கே புறப்படும் இளைஞருக்கு அந்த விதியால் உடனடிப் பயன் இல்லை. அவருக்குக் கிடைப்பது, ‘இன்னின்னவற்றை எடுத்து வா’ என்ற வாய்மொழிப் பட்டியல் மட்டுமே. அந்தப் பட்டியலில் உள்ள பொருள்களில் பலவற்றை அவருக்குக் கொடுக்கும் கடமை சட்டப்படி வேறொருவருடையது. இதை அறியாமல் ஓர் இளைஞர் தன் முதல் நெடுந்தூரப் பயணத்தைத் தொடங்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருந்து அறையிலிருந்து ஓட்டுநர் இருக்கைக்கு

வானம் பார்த்த கரிசல் பூமியில், 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த தொழில் இன்று நாட்டின் பட்டாசுத் தேவையில் மிகப் பெரும் பகுதியை நிறைவு செய்கிறது. சாதிய ஒடுக்குமுறையைச் சந்தித்த ஒரு சமூகம் தொழிலின் வழியே எழுந்து நின்ற வரலாறு இது. ஆனால் அத்தொழிலின் ஆபத்து யார் தலையில் இறங்கியது என்பதும் அதே வரலாற்றின் பகுதி. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் 38 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலமற்ற தலித் குடும்பங்களும் பிற்படுத்தப்பட்ட ஏழைக் குடும்பங்களும் ஒவ்வொரு விபத்திலும் தம் உறவுகளைப் பறிகொடுத்திருக்கின்றன. 2018இல் நிதி ஆயோக் தமிழ்நாட்டிலிருந்து ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று தேர்ந்தெடுத்த இரண்டில் விருதுநகரும் ஒன்று.

‘என் பிள்ளை மருந்து அறைக்குப் போக வேண்டாம்’ என்று நினைக்கும் பெற்றோருக்கு, கனரக வாகன உரிமம் ஒரு விடுதலைச் சீட்டாகத் தெரிவதில் வியப்பில்லை. 20 வயது நிறைந்தால் போக்குவரத்து வாகன உரிமம் பெறலாம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனையும் 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. எனவே பள்ளியை விட்டு நின்ற இளைஞருக்கும் இந்த வாசல் திறந்திருக்கிறது.

முன்பெல்லாம் ஓட்டுநர் ஆவதற்கு ஒரு படிக்கட்டு இருந்தது. கிளீனராக ஏறி, மூத்த ஓட்டுநரிடம் வசவு வாங்கி, பாதையையும் மொழியையும் வண்டியின் குணத்தையும் கற்று, சில ஆண்டுகள் கழித்தே ஸ்டீயரிங்கைத் தொடுவார்கள். செலவைக் குறைப்பதற்காகக் கிளீனர் இல்லாமல் வண்டி அனுப்பும் வழக்கம் அந்தப் படிக்கட்டை உடைத்தது. தேசிய உரிமம் பெற்ற சரக்கு வாகனத்தில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் ஒன்றிய அரசு 2018இல் நீக்கியது. கற்றுக்கொடுக்க ஆளில்லாத வண்டியில் புதியவர் தனியாக ஏறுகிறார்.

தனியாளின் கணக்கு

சிவகாசியிலிருந்து விருதுநகர், மதுரை, சேலம், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், ஆக்ரா வழியாக தில்லிக்கு ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். நிறுத்தங்கள், சுங்கச்சாவடி, மலைப்பாதை எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் என்று கொள்வோம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை நேரம் என்று வகுத்தது. நெடுந்தூரப் பாதைகளுக்கும் பண்டிகைக் காலங்களுக்கும் உரிய ஒப்புதலோடு 10 மணி, 54 மணி வரை போகலாம் என்றும் அது அனுமதித்தது. வண்டிப் பழுது, போக்குவரத்துத் தடை போன்ற நிலைமைகளுக்கு மட்டுமே அதில் விலக்கு இருந்தது. இந்த உச்சவரம்பிலும் ஒருவர் ஒரு வாரத்தில் 2,160 கிலோமீட்டர்தான் ஓட்ட முடியும். ‘ஐந்து நாளில் சரக்கு சேர வேண்டும்’ என்று ஒரு முதலாளி சொன்னால், நாளுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் ஓட்டு என்பதே அதன் பொருள். இந்த ஒரு கணக்கைப் போடத் தெரிந்திருப்பது எந்தக் கருவியையும் விட முக்கியமானது.

வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் முயற்சியில், ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரம் 1946இல் 54இலிருந்து 48ஆகக் குறைந்தது. ஆலைத் தொழிலாளர் 1946இல் கடந்து வந்த அதே 54 மணி நேரம், நெடுந்தூர ஓட்டுநருக்கு 1961இல் அனுமதிக்கப்பட்டது. அந்த அளவும் ஏட்டில்தான் இருக்கிறது.

இதில் இன்னொரு சரிவும் உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்துக்கே பொருந்தியது. அதை உள்ளடக்கிய 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி மோட்டார் போக்குவரத்து நிறுவனத்தில் பத்துத் தொழிலாளர்கள் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் முதலாளியிடம் வேலை செய்பவருக்கு இந்த இரண்டு கதவுகளும் மூடியவையே. ஆனால் மூன்றாவதாக ஒரு கதவு இருக்கிறது.

சட்டம் யார் தலையில் வைக்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, ஆபத்தான சரக்கை ஏற்றும் வண்டிகளுக்குத் தனி விதிகளை வகுத்துள்ளன. இவற்றுக்குத் தொழிலாளர் எண்ணிக்கை ஒரு பொருட்டல்ல. ஒற்றை லாரிக்கும் பொருந்தும். முதலுதவிப் பெட்டி, பாதுகாப்புக் கருவிகள், பழுதுநீக்கும் கருவிப்பெட்டி ஆகியவை வண்டியில் இருப்பதை உறுதி செய்வது சரக்கை அனுப்புபவர், வண்டி உரிமையாளர் ஆகிய இருவரின் பொறுப்பு என்று 131, 132ஆம் விதிகள் கூறுகின்றன. சரக்கின் தன்மை, ஆபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவை ஆகியவற்றை எழுத்தில் தர வேண்டியதும் அவர்களே. அந்தத் தகவல் தாங்கிய ‘ட்ரெம் கார்டு’ எனும் அவசரகால அட்டையைத் தன் அறையில் வைத்துக்கொள்வது 133ஆம் விதிப்படி ஓட்டுநரின் கடமை. ஆபத்தான சரக்கை ஓட்டுபவர் மூன்று நாள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அட்டவணை மொழி ஒன்றையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது 9ஆம் விதி. எட்டாம் வகுப்பு நிபந்தனையைத் தளர்த்திய அரசு, ஆங்கிலத்தைக் கற்றுக்கொடுக்க எந்த ஏற்பாடும் செய்யவில்லை. படிக்க முடியாத அட்டை உயிரைக் காக்காது.

மலக்குழி மரணங்களிலிருந்து நாம் ஏற்கெனவே கற்ற பாடம் இங்கே நினைவுக்கு வர வேண்டும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான விதிகளில் பாதுகாப்புக் கருவிகளின் நீண்ட பட்டியல் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும், ‘கருவி அணியாமல் இறங்கினார்’ என்று பழி இறந்தவர் மீதே விழுகிறது. லாரி ஓட்டுநருக்கும் ‘கவனக்குறைவு’ என்ற சொல் தயாராகக் காத்திருக்கிறது. பட்டியல் யாருடைய பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதி வைப்பதே அந்தப் பழியைத் தடுக்கும் வழி.

பட்டியல்

உரிமையாளரிடம் கேட்டுப் பெற வேண்டியவை: காலாவதியாகாத உலர்தூள் தீயணைப்பான்கள், முதலுதவிப் பெட்டி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், காற்று நிரப்பிய ஸ்டெப்னி, சரிவில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைகள், எச்சரிக்கை முக்கோணம், இரவில் ஒளிரும் மேலங்கி, கையுறை, எல்.இ.டி. டார்ச், கிழியாத தார்ப்பாய், கயிறு, புகைபோக்கியில் தீப்பொறி தடுப்பான், சரக்கு விவரமும் ட்ரெம் கார்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றால், புறப்படும் முன் கைபேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பி வைப்பது நல்லது. பின்னாளில் அதுவே சாட்சி.

தானே எடுத்துச் செல்ல வேண்டியவை: பருத்தி உடை, மூடிய காலணி, போர்வை, கொசுவலை, தண்ணீர் கேன், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், வழக்கமாக உண்ணும் மாத்திரைகள், கண்ணாடி அணிபவருக்கு மாற்றுக் கண்ணாடி ஒன்று.

விட்டுச் செல்ல வேண்டியவை, பட்டாசு வண்டியில் இன்னும் முக்கியமானவை. சாதாரணச் சரக்கோடு போகும் ஓட்டுநரின் முதல் உடைமை அடுப்பு. வழியில் சமைத்து உண்பதால்தான் பேட்டாவில் நாலு காசு மிஞ்சும். பட்டாசு ஏற்றிய வண்டியில் அடுப்பு கூடாது. தீப்பெட்டி, பீடி, கொசுவர்த்திச் சுருள், சாமி படத்துக்கு ஏற்றும் ஊதுபத்தி, சூடம் எதுவும் கூடாது. கைபேசிக்காக இழுத்துவிட்ட ஒட்டு வயரும் கூடாது. அவல், பொரிகடலை, கடலைமிட்டாய், புளிச்சோறு என்று முதல் நாளைச் சமாளிக்கலாம். அதன்பின் கடைச் சாப்பாடுதான். எனவே பட்டாசு நடைக்குச் சாப்பாட்டுக் காசு தனியாகக் கேட்பது நியாயமான கோரிக்கை.

தீயணைப்பானைப் பற்றி ஒரு சொல். என்ஜினிலோ டயரிலோ ஓட்டுநர் அறையிலோ தொடக்க நிலையில் உள்ள தீயை அடக்கத்தான் அது. தீ சரக்கைத் தொட்டுவிட்டால் அணைக்க முயலக் கூடாது. உடனே விலகி ஓடி, அருகில் இருப்பவர்களையும் தூர விரட்டி, 112ஐ அழைக்க வேண்டும். சரக்கைக் காப்பாற்றுவது ஓட்டுநரின் கடமை அல்ல. 2023 அக்டோபர் 7 அன்று ஓசூர் எல்லையை அடுத்த அத்திப்பள்ளியில், பட்டாசுச் சரக்கு இறக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது மூண்ட தீயில் 14 பேருக்குக் குறையாமல் மாண்டனர். வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற இளைஞர்களே அவர்களில் மிகுதி. வண்டி நின்ற பிறகும் ஆபத்து நிற்பதில்லை. இறக்கும் வேலைக்கு ஓட்டுநரை இழுத்தால் மறுக்க வேண்டும்.

ஆனால் எந்தப் பையிலும் அடங்காத ஒரு தேவை இருக்கிறது. வெடிபொருள் ஏற்றிய வண்டியைக் கவனிப்பாரின்றி விட்டுச் செல்லக் கூடாது என்பது அடிப்படைப் பாதுகாப்பு நெறி. அப்படியென்றால் தனியாகப் போகிறவர் எப்போது மலம் கழிப்பார், எங்கே குளிப்பார், எப்படி உறங்குவார்? எரிபொருள் நிலையங்களில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் ஓட்டுநர் ஓய்வறைகள் திறக்கப்படுகின்றன. பட்டாசு வண்டியை எரிபொருள் நிலையத்தில் நிறுத்திவிட்டு எவர் உறங்க முடியும்? ஆகவே பட்டாசு வண்டியின் முதல் இன்றியமையாத ‘கருவி’ இரண்டாவது ஆள்தான்.

காகிதங்களும் ஒரு கவசம்

வண்டிப் புத்தகம், பர்மிட், தகுதிச் சான்று, காப்பீடு, இ-வே பில் ஆகியவற்றை உரிமையாளர் தருவார். அவை வண்டியையும் சரக்கையும் காக்கும். ஓட்டுநரைக் காக்கும் காகிதங்கள் வேறு.

முதலாவது, வேலையில் இருப்பதற்கான சான்று. விபத்தில் காயமோ மரணமோ நேர்ந்தால் இழப்பீட்டுக்குச் சட்டப்படி முதலாளி பொறுப்பு. ஊதியம் பெறும் ஓட்டுநருக்கான அந்தப் பொறுப்பு, வண்டியின் கட்டாயக் காப்பீட்டிலும் அடங்கும். ஆனால் பணிக்கடிதமும் இல்லை, பேட்டாவும் கையில் ரொக்கம் என்றால் ‘இவர் என் ஓட்டுநரே அல்ல’ என்று சொல்வது எளிது. எனவே கடிதம் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஊதியத்தையாவது வங்கிக் கணக்கில் கேட்க வேண்டும். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரிய அட்டையும் உடன் இருக்கட்டும். சாலை விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய்க்குள், பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டம் 2025 மே முதல் நாடு முழுதும் உள்ளது என்பதை வீட்டாருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

இரண்டாவது, சாதிச் சான்றிதழின் நகல். பட்டியல் சாதிகள் அரசமைப்பின் 341ஆம் பிரிவின்படி மாநிலவாரியாக அறிவிக்கப்படுகின்றன. ஆதலால், ‘உங்கள் சாதி எங்கள் மாநிலப் பட்டியலில் இல்லை’ என்று சொல்லி, வன்கொடுமைப் புகாரை வெளி மாநிலக் காவல் நிலையம் தட்டிக் கழிக்க இடமுண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு நாட்டின் எப்பகுதியிலும் செல்லும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துள்ளது. எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்பதும் இன்று சட்டம். வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566. நெடுஞ்சாலை உதவிக்கு 1033. இந்த எண்களைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் காகிதத்திலும் எழுதி வைக்க வேண்டும். பேட்டரி தீர்ந்த நேரத்தில்தான் எண் தேவைப்படும்.

நாம் செய்யக்கூடியவை

தாட்கோ நிறுவனம் தலித் இளைஞர் வாகனம் வாங்கக் கடன் தருகிறது. அந்தத் திட்டங்களோடு ஆபத்தான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சியையும் பாதுகாப்புக் கருவித் தொகுப்பையும் இணைக்க வேண்டும். பட்டாசு வண்டிகளில் இரண்டாவது ஆள் கட்டாயம் என்பதை மாவட்ட நிர்வாகம் சரக்கு ஏற்றும் இடத்திலேயே கண்காணிக்க வேண்டும். நெடுஞ்சாலையில், குடியிருப்பையும் எரிபொருள் நிலையத்தையும் விட்டு விலகி, கழிப்பறையும் காவலும் உள்ள நிறுத்துமிடங்கள் வேண்டும்.

இவை அரசிடம் வைக்கும் கோரிக்கைகள். கல்லூரி மாணவர்கள் இந்த மாதமே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ட்ரெம் கார்டின் செய்தியையும் ஓட்டுநர் கேட்டுப் பெற வேண்டியவற்றின் பட்டியலையும் எளிய தமிழில் ஒரே அட்டையில் அச்சிட்டு, லாரிகள் சரக்கேற்றும் இடங்களில் கொடுக்கலாம். நாடு முழுவதற்கும் காலண்டர் அச்சடிக்கும் சிவகாசியில் இதற்கு அச்சகம் தேட வேண்டியதில்லை.